புஷ்பம் ரெண்டு என்றாள்

1

வெள்ளிக்கிழமை போன் பண்ணினேன். “எத்தற?” என்று கேட்டேன். “ரெண்டு” என்றாள் புஷ்பம். நான் நம்பவில்லை.

புஷ்பம் என் மனைவி. ரெண்டு என்பது அவள் கை நோவின் அளவு. நோவே இல்லை என்றால் பூஜ்யம். உயிர் போகிற நோவு என்றால் பத்து. அஞ்சுக்கு மேலே போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தள்ளிப்போட்டால் வலது கை பிறகு எதுக்கும் ஆகாது. டாக்டர் சொன்னது இது.

அவள் கேரள எல்லைக்குள் பாறசாலையில். நான் மஸ்கட்டில். நடுவில் கடல். வாரத்துக்கு ஒரு எண் எனக்குக் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளி வரை இருக்கணும். அந்த எண் பொய் என்றால் என்ன செய்ய?

ஊர்ச் சபையின் கிறிஸ்மஸ் மலருக்கு வெளிநாட்டில் உள்ளவர்கள் அனுபவம் எழுதித் தரணும் என்று உபதேசியார் அய்யா சொல்லி அனுப்பினார். போன வருஷமும் சொன்னார். நான் அஞ்சாம் கிளாஸ். எழுதவில்லை. இந்த வருஷம் எழுதுகிறேன். காரணம் உண்டு.

2

இங்கே எனக்குப் பூச்சு வேலை. அதிலும் சீலிங் பூச்சு. சாரத்தில் ஏறி நின்று, தலைக்கு மேலே கை நீட்டி, சாந்தை அப்பி இழுக்கணும். சாந்து கண்ணில் விழும். கழுத்து பின்னால் மடங்கியே இருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். தூக்கம் என்று நினைக்க வேண்டாம். நாள் முழுக்க மேலே பார்த்த கழுத்து கீழே பார்க்க ஆசைப்படும்.

கேம்பில் ஒரு அறையில் அடுக்குக் கட்டில்கள். எனக்கு மேல் கட்டில். ஒரு நாள் அதில் ஏற முடியவில்லை. வலது தோள் பூட்டிக்கொண்டது. சட்டை போட முடியவில்லை. தலை சீவ முடியவில்லை. முதுகு தேய்க்க முடியவில்லை. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் நிற்கும். அதுக்கு மேலே ஆணி அடித்த மாதிரி.

கொஞ்ச நாள் இடது கையால் பூசினேன். ஃபோர்மேன் கண்டுவிட்டார். கிளினிக்குக்குச் சீட்டு தந்தார். தரும்போதே சொன்னார், “லைட் டியூட்டி ரெண்டு தடவை. மூணாவது தடவை டிக்கெட்.”

லைட் டியூட்டி என்றால் சாரம் ஏறாத லேசான வேலை. டிக்கெட் என்றால் விசா கேன்சல். ஊருக்குப் போ என்று அர்த்தம்.

டாக்டர் பார்த்துவிட்டுப் பிசியோதெரபி என்று எழுதினார். கரண்டு வைக்கிற காரியம் என்று நினைத்துப் போனேன். அங்கே மிஷின் ஒன்றும் இல்லை. ஒரு கட்டில். குள்ளமாக ஒரு பிலிப்பைன்ஸ்காரி. லிசா என்று பேர். அவளுடைய ரெண்டு கை. அம்பிடுதான்.

3

லிசாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கிளினிக்கில் தரையைத் தூத்து வாருகிற விஜயன் நடுவில் நின்றான். காட்டாக்கடைக்காரன். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவான்.

என்னைப் படுக்க வைத்து, லிசா ஒரு கையைத் தோள்பட்டை எலும்பில் வைத்தாள். மற்ற கையால் மேல்கையைப் பிடித்தாள். மெல்ல அசைத்தாள். பெரிய அசைவு இல்லை. குழியில் இருக்கிற உருண்டையைக் கொஞ்சம் கீழே தள்ளுவாள், விடுவாள். தள்ளுவாள், விடுவாள். எண்ணெய் இல்லை. தடவல் இல்லை. ஊரில் பார்த்த எந்தக் கைவைத்தியம் போலவும் இல்லை.

சுவரில் படம் ஒட்டியிருந்தது. வட்டமான முகங்கள். சிரிக்கிற முகத்தின் அடியில் பூஜ்யம். அழுகிற முகத்தின் அடியில் பத்து. பிள்ளைகளுக்கு உள்ளது என்று நினைத்தேன்.

“அண்ணா, நோவு எத்தறன்னு கேக்குது மேடம்” என்றான் விஜயன்.

“பூஜ்யம்.”

லிசா கையை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். “இப்போ?”

“பூஜ்யம்.”

இன்னும் தள்ளினாள். எனக்குக் கண் இருட்டியது. பூஜ்யம் என்றேன்.

மறுநாள் டீ கிளாஸ் பிடிக்க முடியவில்லை. அடுத்த தடவை போனபோது தோள் முன்னைவிட மோசம். லிசாவுக்குக் காரணம் பிடிபடவில்லை. நோவு இல்லாத தோள் எப்படி இறுகும்? நானும் சொல்லவில்லை. சொன்னால் டிக்கெட் என்று பயம். அது பாதிதான். மீதியைப் பிறகு சொல்லுகிறேன்.

விஜயனுக்குத்தான் பொறுக்கவில்லை. “அண்ணா, பூஜ்யம்னா ஒரு சோக்கேடும் இல்லன்னு அர்த்தம். பின்னே என்னத்துக்கு இங்க வந்து கிடக்குதீங்க? ஏசி காத்து கொள்ளவா?”

“நோவு இல்லாம இல்ல.”

“அப்ப சொல்லணும்.”

“சொல்லி என்னத்துக்கு?”

அவன் இதை லிசாவிடம் சொன்னானோ என்னவோ. அவள் என் கையைக் கீழே வைத்தாள். கட்டிலின் கால்பக்கம் போனாள். என் ரெண்டு காலிலும் இருந்த சாக்ஸை உருவி எடுத்தாள். எனக்கு வெட்கமாகப் போனது. வேலைக்கு ஷூ போடுகிற கால். சாந்து ஏறி வெடித்த கால்.

பிறகு தோளில் கை வைத்துத் தள்ளினாள். கண் மட்டும் என் காலில் இருந்தது. ஏதோ சொன்னாள். விஜயன் சிரித்தான்.

“அண்ணன் கள்ளம் பறையுமாம். அண்ணனுக்க கால் விரல் கள்ளம் பறையாதாம்.”

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பத்து விரலும் உள்ளே மடங்கி இருந்தன. நான் மடக்கியதாக நினைவில்லை.

அன்று முதல் லிசா என் முகத்தைப் பார்த்ததே இல்லை. விரல் தளர்ந்திருந்தால் தள்ளுவாள். மடங்கினால் நிறுத்துவாள். எண் கேட்பதையும் விடவில்லை. நான் ஒரு நாள் நாலு என்றேன். நல்லது என்று தலையாட்டினாள். அடுத்த தடவை ஆறு என்றேன். யாரும் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. குளிர் காலம் முடிவதற்குள் கை காது வரைக்கும் ஏறியது. சாரத்தில் திரும்ப ஏறினேன்.

4

மீதியைச் சொல்லுகிறேன் என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னே ஒரு மழைக்காலத்தில் மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையில் வழுக்கி விழுந்தேன். இதே தோள்தான். குழியை விட்டு இறங்கிவிட்டது. காரக்கோணம் பக்கம் ஒரு ஆசானிடம் கொண்டுபோனார்கள். எலும்பு, நரம்பு, வர்மம் எல்லாம் பார்ப்பவர். அவர் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைச் சுருட்டி என் வாயில் வைத்தார்.

“சத்தம் போடப்பிடாது. சத்தம் போட்டா மூச்சு மாறும். மூச்சு மாறினா எனக்க கை பிசகும். கேட்டியா மக்கா?”

அந்த வீட்டில் அதுதான் சட்டம். ஆணும் பெண்ணும் பிள்ளையும் எல்லாரும் துவர்த்தைக் கடிக்கணும். ஆசான் காலை என் கக்கத்தில் கொடுத்துக் கையைப் பிடித்து இழுத்தார். தோள் உள்ளே போன சத்தம் எனக்குக் கேட்டது. என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஆசானின் மகள் நின்றாள். அது புஷ்பம்.

கல்யாணம் ஆன பிறகு அவளே சொன்னாள், “துவர்த்தைப் பாத்துட்டு அப்பா சொன்னாரு, இந்தப் பய கடிச்ச கடியில நூலு அந்துபோச்சு, ஆனா மூச்சு விடல்ல, இவனுக்குக் குடுக்கலாம்னு.”

“ஒனக்குப் பிடிச்சுதா?”

“எனக்க கிட்ட ஆரு கேட்டா? எண்ணெ சிந்தாம பிடிக்கச் சொன்னாவ. பிடிச்சேன்.”

அவள் அந்த வீட்டில் வளர்ந்தவள். ஊரில் உள்ள நோவெல்லாம் அந்த வாசலில்தான் வரும். ஒரு சத்தமும் கேட்காமல் போகும். எங்கள் மகள் ஷீபா பிறந்தபோது கூட புஷ்பம் சத்தம் போடவில்லை. நர்ஸ் வந்து பார்த்தபோது பிள்ளை பாதி வந்திருந்தது. ஊரே அதைப் பெருமையாகச் சொன்னது. நானும் சொன்னேன்.

5

கம்பெனியில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. அதுக்கும் பாஸ்போர்ட்டை ஆபீசிலிருந்து வாங்கணும். ஃபோர்மேன் கையெழுத்து, கேம்ப் பாஸ் கையெழுத்து, ஆபீசில் ஒரு எகிப்துக்காரர் கையெழுத்து. அவர் காப்பி குடிக்கப் போனால் அன்றைக்கு லீவு இல்லை. எப்படியோ போன வருஷம் கிடைத்தது.

வீட்டுக்குப் போன மறுநாள் காலையில் புஷ்பம் அடுக்களையில் தேங்காய் திருவினாள். இடது கையால் திருவினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. பழைய கதை ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். வலது கையைத் தேங்காய் முறிக்கு அடியில் கொடுத்தாள். அப்போது அவள் கால் விரல்கள் மடங்கின.

“கையிக்கு என்ன புள்ளே?”

“ஒண்ணும் இல்ல. வாயு ஆக்கும்.”

“எம்பிடு நாளா?”

“இப்பம்தான்.”

விரல்கள் இன்னும் மடங்கின.

அவள் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். பெருவிரலின் அடியில் இருக்கிற சதை வற்றிப் பள்ளமாக இருந்தது. இடது கையையும் விரித்து வைத்துப் பார்த்தேன். ரெண்டும் ரெண்டு பேருடைய கை போல இருந்தது. அது இப்பம் வந்த பள்ளம் இல்லை.

எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. பாலை உறைய வைத்து, ஷீட் அடிக்கிற மிஷினில் கொடுத்து, பிடியைச் சுற்றணும். புஷ்பம் எங்களுடையதும் சுற்றுவாள், பக்கத்து விளைக்காரர்களுடையதும் சுற்றுவாள். ஈர ஷீட்டைத் தலையில் வைத்துக் கொண்டுபோவாள். கழுத்திலிருந்து விரல் நுனி வரை தீ ஓடுகிற மாதிரி இருக்குமாம். பிறகு மரத்துப்போகுமாம். ராத்திரி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். இதெல்லாம் நான் கேட்டுக் கேட்டுப் பிடுங்கியது.

“போன்ல ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“நீங்களும் சொல்லல்லியே.”

“நான் என்னத்தச் சொல்லல்ல?”

“தோளு பூட்டினது. உங்க கேம்புல உள்ள மணலிக்காரர் லீவுல வந்தப்ப சொன்னாரு. நீங்க போன்ல சுகம் சுகம்னுட்டு இருந்திய.”

திருவின தேங்காயை எடுத்து அம்மியில் வைத்தேன்.

மறுநாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாரம் மலையாளத்தில் இருந்தது. எனக்கு அது ஆகாது. மகள் ஷீபா வாங்கி மளமளவென்று எழுதினாள். நர்சிடம் அவள் மலையாளம் பேசின வேகத்தைப் பார்த்து, வேறு யாருடைய மகளோ என்று தோன்றியது.

டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் நரம்பு நெரிகிறது என்றார். வற்றின சதை திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாற்றலாம். மிஷின் சுற்றப்பிடாது. தலைச்சுமை எடுக்கப்பிடாது. கழுத்துக்குப் பிசியோதெரபி. நோவு அஞ்சுக்கு மேலே ஏறினால் நரம்பு திரும்ப நெரிகிறது என்று வைத்துக்கொள்ளணும், காத்திருக்கப்பிடாது என்றார்.

பிசியோ பார்த்தவர் சின்னப் பையன் போல இருந்தார். புஷ்பத்தை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை ரெண்டு கையாலும் ஏந்தி, கழுத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

“எத்தறயாணு அம்மே?”

“ஒண்ணு” என்றாள்.

நான் பொறுக்காமல் சொன்னேன், “சாரே, அவளுக்க முகத்தப் பாக்காதீங்க. காலப் பாருங்க.”

“வந்து கிடந்தப்பளே பாத்தாச்சு சேட்டா” என்றார் அவர். புஷ்பத்திடம் குனிந்தார். “ஒண்ணுக்கு ஆரும் பஸ் ஏறி வரமாட்டினும் அம்மே. நேராட்டு சொல்லணும்.”

புஷ்பம் சிரித்துவிட்டாள். ஷீபாவும் சிரித்தாள். பிறகு புஷ்பம் சுவரைப் பார்த்துக்கொண்டு, மானம் போகிற காரியத்தைச் சொல்வது போல, “ஏழு” என்றாள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் அவள் எனக்குக் கேட்க நோவு என்று சொன்னது அதுதான் முதல்.

6

லீவு முடிந்து நான் வந்துவிட்டேன். ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை பக்கத்து டீச்சர் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். புஷ்பமும் ஷீபாவும் வந்து நிற்பார்கள். புஷ்பம் எண் சொல்லுவாள். ஷீபா போனை வாங்கித் திருத்துவாள்.

“அம்மா ரெண்டுன்னு சொன்னா. கை தூக்கச் சொல்லிப் பாத்தேன். விரலு மடங்கிச்சு. நாலு.”

“எட்டீ, போன வையி” என்று பின்னால் புஷ்பம் சத்தம் போடுவது கேட்கும்.

ஒரு தடவை ஷீபா ஆறு என்றாள். புஷ்பம் திரும்ப மிஷின் பிடியைச் சுற்றியிருக்கிறாள். மறுநாளே ஷீபா காலேஜுக்குப் போகாமல் அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கழுத்தை இழுத்து, கையை நீட்டி மடக்கி, கொஞ்ச நாளில் மூணுக்கு இறக்கினார்கள். ஷீபா இல்லை என்றால் அந்தக் கை அன்றைக்கே போயிருக்கும்.

ஷீபா தனுவச்சபுரத்தில் பிரீடிகிரி படித்தாள். தமிழ் பேசினதுக்குக் காலேஜில் கேலியாகப் பாண்டி என்று கூப்பிட்டார்களாம். அதோடு வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைத்துவிட்டாள். எனக்கு எழுதுகிற கடிதம் மலையாளத்தில். விஜயன்தான் வாசித்துச் சொல்லுவான். மகள் அப்பனுக்கு எழுதினதை அடுத்தவன் வாயால் கேட்கணும். அவன் வாசிக்கும்போது சில இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பான். “ஒண்ணுமில்ல அண்ணா, ஊரு விசேஷம்” என்று தாண்டிப்போவான். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை. எண்கள் மட்டும் ரெண்டு பாஷையிலும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆகவே போனில் எங்களுக்குத் தடங்கல் இல்லை. எண் சொல்லி முடிந்தால் அவளுக்கும் எனக்கும் பேச வேறு ஒன்றும் இருக்காது.

இந்த ஜூன் மாசம் அவள் நர்சிங் படிக்க பெங்களூருக்குப் போனாள். நல்ல காரியம். நானும் சம்மதித்தேன். அன்றைக்குப் போனில் புஷ்பம் சொன்னாள், “அவ போகட்டு. எனக்கு என்ன, கை உண்டுல்லா?”

அந்தக் கையைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

7

இப்போது டீச்சர் வீட்டு ஹாலில் புஷ்பம் தனியாக வந்து நிற்கிறாள். டீச்சரிடம் கேட்டுப் பார்த்தேன். “புஷ்பத்துக்கு ஒரு குழப்பமும் இல்ல, நல்லா சிரிச்சுகிட்டுல்லா இருக்கா” என்றார். டீச்சர் நல்லவர். முகத்தைப் பார்க்கிறார்.

ஷீபா போன பிறகு எல்லா வெள்ளியும் ரெண்டு. ஒரு வாரம்கூட மூணு இல்லை, ஒண்ணு இல்லை. நோவு அப்படி ஒரே இடத்தில் நிற்காது. எனக்குத் தெரியும்.

போன வெள்ளி ரெண்டு என்று சொல்லிவிட்டு அவள் என்னைக் கேட்டாள்.

“உங்க தோளு எத்தற?”

“பூஜ்யம்.”

டீச்சர் வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது.

“நானும் நம்பல்ல” என்றாள்.

கார்டு தீர்ந்து போன் அணைந்தது. போன் பெட்டிக்குள் நின்றபடி குனிந்து பார்த்தேன். செருப்பில் என் விரல்கள் மடங்கியிருந்தன.

லிசா கான்ட்ராக்ட் முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். எங்களுக்குப் புதுக் கட்டடம். திரும்பவும் சீலிங். கை இப்போது காது வரைக்கும் ஏறுவதில்லை, பாதியில் ஆணி. ரெண்டாவது லைட் டியூட்டி சீட்டும் வாங்கியாயிற்று. அதுக்குப் பிறகும் நோவு போகவில்லை என்பதை ஃபோர்மேனிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே இங்கே எழுதலாம்.

புஷ்பம், எனக்கு ஆறு. காலையில் சில நாள் ஏழு. பூஜ்யம் என்று சொன்னது கள்ளம். ஊர் வாசிக்க எழுதிவிட்டேன் என்று நீ கோபப்படுவாய். கோபப்படு. நான் துவர்த்தைத் துப்பிவிட்டேன். இனி நீயும் துப்பு.

உபதேசியார் அய்யாவுக்கு ஒன்று. மலர் அச்சாகி வர கிறிஸ்மஸ் ஆகும். அதுவரை வைக்க வேண்டாம். இது கிடைத்த அன்றைக்கே எங்கள் வீட்டுக்குப் போகணும். புஷ்பத்திடம் கொடுக்கணும். வலது கையில் கொடுங்கள். சுகம்தானா என்று கேட்க வேண்டாம், சுகம் என்றுதான் சொல்லுவாள். அவள் முகத்தையும் பார்க்க வேண்டாம். கையை நீட்டி வாங்கும்போது அவள் காலைப் பாருங்கள்.